கடல் கொடுத்ததும் கேட்டதும்: மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் வோடுன் தெய்வங்கள்

பெனின் நாட்டின் ஊய்டாவைத் துறைமுக நகரம் என்றுதான் வரலாறு சொல்கிறது. ஆனால் அங்கே கப்பல் ஒதுங்க இடமே கிடையாது. ஊர் கடலைவிட்டு நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. நடுவில் சேறும் காயலும். அதைக் கடந்தால் நீளமான மணல்மேடு, மணல்மேட்டுக்கு அப்பால் கினி வளைகுடா. கரைக்கு வெகு முன்பே அலைகள் வரிசையாக எழும்பி உடைகின்றன. ஐரோப்பியக் கப்பல்கள் அந்த அலைவரிசைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றன. சரக்கும் மனிதர்களும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே போய்வர ஒரே வழி, ஒற்றை மரத்தில் குடைந்த வள்ளம். அந்த அலையில் வள்ளம் விடத் தெரிந்தவர்கள் உள்ளூரில் குறைவு. அதனால் இன்றைய கானாவின் எல்மினா பக்கத்திலிருந்து வள்ளக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். வள்ளம் கவிழ்வது அன்றாட நிகழ்ச்சி. சுறாவும் உண்டு.

இப்படிப்பட்ட கரையில் வாழ்கிறவர்களுக்குக் கடலோடு எப்படிப்பட்ட உறவு இருக்கும்? 1690களில் அங்கே வந்துபோன வில்லெம் போஸ்மன் என்ற டச்சு வணிகர் எழுதிவைத்தது ஒரு துப்புத் தருகிறது. ஊய்டா மக்களின் பெரிய தெய்வங்கள் மூன்று என்றார் அவர்: பாம்பு, நெடுமரங்கள், கடல். கடல் கொந்தளித்துச் சரக்கு இறக்க முடியாமல் போகும்போதும், நெடுநாள் கப்பலே வராதபோதும், பலவகைப் பொருள்களைக் கடலில் எறிந்து படைத்தார்கள் என்றும் குறித்திருக்கிறார். அந்தப் படையலை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கடல் அவர்களுக்குக் கொடுக்கவும் கேட்கவும் செய்கிற ஒரு ஆள். கொடுத்ததற்கு ஈடு வைத்தாக வேண்டும். இந்தக் கரையின் நீர்த் தெய்வங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓடுகிறது.

கடலின் வோடுனுக்கு, அதாவது கடல்தெய்வத்துக்கு, ஹூ என்று பெயர்; அக்பே என்றும் சொல்வார்கள். ஹூ ஆதியில் ஹுலா என்ற இன மக்களின் தெய்வம். இவர்கள் கிராண்ட் போப்போ பக்கத்துக் காயல்களில் மீன்பிடித்தும் உப்புக் காய்ச்சியும் வாழ்ந்தவர்கள். ஊய்டாவில் இந்தத் தெய்வத்தின் தலைமைப் பூசாரிக்கு தாக்போ ஹுனோன் என்பது பட்டம். ஆண்டுதோறும் ஜனவரியில் அவர் தலைமையில் ஊர்வலம் கடற்கரைக்குப் போகிறது, கடலுக்குப் படையல் வைக்கிறார்கள்.

வோடுன் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம்மில் பலருக்கு ‘வூடு’ என்றதும் ஊசி குத்திய பொம்மையும் செய்வினையும்தான் நினைவுக்கு வரும். அது சினிமா கொடுத்த படம். ஃபோன், எவே, குன் மக்களின் மொழிகளில் வோடுன் என்பது தெய்வத்தைக் குறிக்கும் சொல். எவே மக்கள் ‘ட்ரோ’ என்ற சொல்லையும் புழங்குவார்கள். பெனின், டோகோ, கானாவின் கிழக்குக் கரை ஆகியவை இந்த வழிபாட்டின் தாய்நிலம். மண்ணுக்கும் அம்மைநோய்க்கும் சக்பாட்டா, இடிக்கு ஹெவியோசோ, இரும்புக்கு கூ. எல்லோருக்கும் முன்னால் வாசலில் லெக்பா.

லெக்பாவைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். வீட்டு வாசலிலோ ஊர் எல்லையிலோ ஒரு மண்மேடு. அதற்கு முகம் என்று அடையாளம் காணும் அளவுக்குச் சோழிகளைப் பதித்துக் கண்ணும் வாயும் வைத்திருப்பார்கள். இடுப்பருகே ஆண்குறி நிமிர்ந்து நிற்கும். மேலே ஊற்றிய செம்பனை எண்ணெய் ஆண்டுக்கணக்கில் படிந்து கறுத்து மெழுகாகியிருக்கும். அதில் ஒட்டிய கோழி இறகுகள், மாவின் வெள்ளைத் தடம், காலடியில் காலி மதுப் போத்தல். வெளியாள் கண்ணுக்கு அது அழுக்கு மேடாகத் தெரியலாம். ஆனால் அந்தப் படிவு ஒவ்வொன்றும் ஒரு வேண்டுதல், ஒரு நன்றி. வேறு எந்த வோடுனோடு பேச வேண்டுமென்றாலும் முதல் வாய் லெக்பாவுக்கு. வாசலில் இருப்பவரைக் கேட்காமல் உள்ளே போக முடியாது.

தெய்வத்துக்கு ஆட்படுகிறவரை வோடுன்சி என்கிறார்கள். ‘சி’ என்றால் மனைவி. ஆணானாலும் பெண்ணானாலும் வோடுனுக்கு மனைவிதான். யாரை எந்தத் தெய்வம் கேட்கிறது என்பதை ஃபா குறி சொல்லும்: பனங்கொட்டைகளை வைத்து 256 குறிகளில் எது விழுகிறது என்று போக்கோனோ எனப்படும் குறிசொல்லி பார்ப்பார். கேட்கப்பட்டவர் கோயில் வளாகத்துக்குள் போய் மாதக்கணக்கில் அடைந்திருந்து, அந்தத் தெய்வத்துக்குரிய மொழியும் பாட்டும் ஆட்டமும் பயின்று, புதுப் பெயரோடு வெளியே வருவார். பழைய பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடுவது பெருங்குற்றம்.

ஊய்டாவின் புகழ்பெற்ற தெய்வம் டாங்பே என்ற மலைப்பாம்பு. நஞ்சில்லாத, யாரையும் சீண்டாத சிறிய வகை. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பாம்புக் கோயில் இன்றும் இருக்கிறது, எதிரே கத்தோலிக்கப் பேராலயம். பாம்புகள் அவ்வப்போது இரவில் ஊருக்குள் இரைதேடிப் போகும். யார் வீட்டிலாவது நுழைந்தால் விருந்தாளியாக நடத்தி, பிறகு மெதுவாக எடுத்துவந்து கோயிலில் விடுகிறார்கள். 1697இல் ஒரு பன்றி புனிதப் பாம்பைத் தின்றுவிட்டதென்று ஊரிலிருந்த பன்றிகளையெல்லாம் கொல்லச் சொல்லி அரசர் ஆணையிட்டதாகப் போஸ்மன் எழுதியிருக்கிறார்.

இந்தப் பாம்பின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. 1727இல் உள்நாட்டிலிருந்து தாஹோமே அரசர் அகாஜாவின் படை வந்தபோது, ஆற்றைக் கடக்கும் துறையில் ஊய்டாக்காரர்கள் டாங்பேயைக் காவலுக்கு வைத்தார்கள் என்று சொல்கிறார்கள். படை ஆற்றைக் கடந்தது. ஊய்டா அரசின் தலைநகர் சாவி விழுந்தது. வந்தவர்கள் பாம்புகளைக் கொன்று தின்றார்கள் என்று ஓர் ஆங்கிலேய மாலுமி பதிவு செய்திருக்கிறார். ஆனால் அதோடு டாங்பே அழியவில்லை. தாஹோமே அரசு அந்த வழிபாட்டைத் தொடர விட்டது. வென்ற ஊரின் தெய்வத்தை விரட்டுவதைவிட அதற்கும் சோறு போட்டு வைத்துக்கொள்வதே புத்தி என்பது தாஹோமே அரசர்களின் நீண்டகால நடைமுறை. அடுத்த அரசர் டெக்பேசுவின் காலத்தில் மாவு-லிசா என்ற படைப்புத் தெய்வ இணையையே வெளியிலிருந்துதான் தலைநகர் அபோமேக்குக் கொண்டுவந்தார்கள்; கொண்டுவந்தவர் ஹ்வாஞ்சிலே என்ற அரசமாதா என்பது மரபு. வோடுன் பூட்டிய வீடு அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வந்தவர்க்கெல்லாம் இடம் உண்டு, வேலையும் உண்டு.

அபோமே கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கும் தண்ணீர் விடவில்லை. டோஹோசு என்ற தெய்வங்கள் அரச குடும்பத்தின் மிக வலிய தெய்வங்கள். பெயரின் பொருள் ‘நீரின் அரசர்’. உடல் வேறுபாடுகளோடு பிறந்த அரச குழந்தைகளே டோஹோசு ஆனார்கள். அவர்கள் நீருக்கு உரியவர்கள், நீருக்கே திரும்பிப் போனவர்கள் என்பது நம்பிக்கை. அவர்களில் முதல்வர் சோமாதொனு, அக்காபா அரசரின் மகன். இந்தத் தெய்வத்தின் பின்னால் இருக்கும் துயரத்தை நினைக்காமல் கடந்துபோக என்னால் முடியவில்லை. வீடு வைத்துக்கொள்ளாத குழந்தையை ஊர் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது.

நோக்குவே ஏரியில் இதே தண்ணீர் அடைக்கலமாகிறது. தாஹோமே வீரர்கள் அடிமைகளைப் பிடிக்க வந்தபோது டோஃபினு மக்கள் ஏரிக்குள் ஓடி, மரக்கால்களின் மேல் வீடு கட்டிக் குடியேறினார்கள். அப்படி எழுந்த ஊர் கான்வியே. இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே தண்ணீரின் மேலேயே வாழ்கிறார்கள், சந்தையும் வள்ளத்தில்தான். தெய்வக் கட்டுப்பாட்டால் தாஹோமே வீரர்கள் தண்ணீருக்குள் வரமாட்டார்கள், அதனால் தப்பினோம் என்பது அங்கே சொல்லப்படும் கதை. படைக்கு வள்ளம் ஓட்டத் தெரியாது என்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. தெரியாத தண்ணீரில் இறங்காதே என்பதைச் சாமியின் பெயரால் சொன்னால் படையும் கேட்கும்.

இப்போது கடல் கொடுத்த செல்வத்துக்கு வருவோம். ஊய்டாவில் பணம் என்றால் சோழி. அவை மாலத்தீவுக் கடலில் எடுத்தவை. வங்காளம் வழியாகவும் இலங்கை வழியாகவும் ஐரோப்பியக் கிடங்குகளுக்குப் போய், அங்கிருந்து மூட்டை மூட்டையாக இந்தக் கரைக்கு வந்தன. அதே கப்பல்களில் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிகளும் வந்தன. இவற்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனது மனிதர்களை. ஊய்டாவின் மணலிலிருந்து மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வள்ளம் ஏற்றப்பட்டார்கள். அட்லாண்டிக் கரை முழுவதிலும் இதைவிட அதிகமானோர் ஏற்றப்பட்ட இடங்கள் மிகச் சில.

இந்த வணிகத்தைப் பற்றிப் பெனின், டோகோ கரைகளில் ஒரு கதை வழங்குகிறது. சோழி எங்கிருந்து வந்தது? அடிமைகளைக் கொன்று கடலில் போட்டார்கள். பிணத்தில் சோழிகள் வந்து ஒட்டிக்கொண்டன. பிணத்தை வெளியே இழுத்துச் சோழியை எடுத்துக்கொண்டார்கள். உயிரியல்படி இது உண்மையல்ல. மாலத்தீவில் எடுத்த சோழிக்கும் ஆப்பிரிக்கப் பிணத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் கணக்குப்படி அச்சொட்டான உண்மை. சோழி எவ்வளவு வந்ததோ அவ்வளவு மனிதர் போனார்கள். பொருளாதார வரலாற்றுப் புத்தகங்கள் அட்டவணை போட்டுச் சொல்வதை இந்தக் கதை ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறது.

மாமி வாட்டா என்ற நீர்மகளை இந்தக் கதையின் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். இங்கே மாமி என்பது நம் மாமி அல்ல. கரையோரக் கலப்பு ஆங்கிலத்தில் மாமி என்றால் அம்மா, வாட்டா என்றால் தண்ணீர். செனெகல் தொடங்கி காங்கோ வரைக்கும் பல பெயர்களில் இருந்த ஆற்று, காயல், கடல் தெய்வங்கள் பலவும் இந்தப் பெயருக்குள் வந்து கூடியிருக்கின்றன. அவள் அழகி. நீண்ட கூந்தல், சில இடங்களில் மீன்வால், தோளில் பாம்பு. கேட்டால் பணம் கொடுப்பாள். பதிலுக்கு உன்னையே கேட்பாள்: சிலரிடம் மணவாழ்க்கையை, சிலரிடம் பிள்ளைப்பேற்றை. சோழிக் கதையில் இருக்கும் அதே பேரம்.

அவள் உருவம் எங்கிருந்து வந்தது என்பது வியப்பான கதை. 1880களில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், வித்தை காட்டும் ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் விளம்பரப் படத்தைக் கல்லச்சில் வண்ணமாக அச்சடித்தார்கள். அடர்ந்த கருங்கூந்தல், நேரே பார்க்கும் கண்கள், கழுத்தைச் சுற்றி எழும் பாம்பு. படம் இடுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாததால், கீழே தண்ணீர் என்று கொள்ள இடம் இருந்தது. மாலுமிகளின் கையோடு அது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தது. 1901இல் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தின் பொன்னி நகரில் எடுத்த ஒரு புகைப்படத்தில், அந்தப் படத்தைப் பார்த்துச் செதுக்கிய தலைக்கவச முகமூடியைக் காணலாம். இருபது ஆண்டுகளுக்குள் ஹாம்பர்க் சர்க்கஸ்காரி தெய்வமாகியிருந்தாள்.

அடுத்த கட்டத்தில் பம்பாய் வருகிறது. 1955இல் அதே படத்தின் பிரதி ஒன்று இன்றைய கானாவின் குமாசியிலிருந்து பம்பாயின் ஸ்ரீராம் காலண்டர் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை அப்படியே மறு அச்சுப் போட்டு ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். மேற்கு ஆப்பிரிக்க வீடுகளிலும் கோயில்களிலும் அந்தப் படம் பரவியது பெரும்பாலும் இந்த அச்சு வழியாகத்தான்.

இந்தியக் காலண்டர் படங்களுக்கும் அங்கே மதிப்பு இருந்தது. இந்திய வணிகர்களின் கடைகளிலும் வீடுகளிலும் தொங்கிய சாமி படங்களைக் கரையோர மக்கள் பார்த்தார்கள். கடல்கடந்து வந்து செல்வத்தோடு வாழ்கிறவர்கள், படத்துக்கு முன்னால் விளக்கேற்றி ஊதுவத்தி கொளுத்துகிறவர்கள். இவர்களுக்கும் நீருக்கும் உறவு இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள். தண்ணீரில் பூத்த தாமரைமேல் நின்று கையிலிருந்து காசு சொரியும் லட்சுமி வேறு யாராக இருக்க முடியும்? மாமி வாட்டாதான். மூன்று தலையுள்ள தத்தாத்ரேயர் டோகோவிலும் கானாவிலும் டென்சு என்ற நீர்த்தெய்வமானார். படத்தின் அடியில் அச்சிட்டிருந்த பெயரை அவர்கள் படிக்கவில்லை, படத்தைப் படித்தார்கள். இதைத் தவறான புரிதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாங்பேயையும் மாவு-லிசாவையும் ஏற்றுக்கொண்ட அதே பழக்கம், வந்த தெய்வத்துக்கு வேலை கொடுக்கும் பழக்கம், இங்கேயும் நடந்திருக்கிறது.

மாமி வாட்டாவின் மாடத்தில் செம்பனை எண்ணெய்ப் படிவு இருக்காது. வெள்ளைத் துணி விரித்த மேசை. கண்ணாடி, சீப்பு, முகப்பவுடர் டப்பா, சென்ட் பாட்டில்கள், பிளாஸ்டிக் பூ, பாட்டிலில் குளிர்பானம், மிட்டாய், கேக். எல்லாம் கடைச் சரக்கு, எல்லாம் வெளியூர்ச் சரக்கு. அவள் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவள், அதனால் கடலுக்கு அப்பாலிருந்து வந்த பொருள்கள்தான் அவளுக்குப் பிடிக்கும். நடுவிலிருக்கும் கண்ணாடிதான் மாடத்தின் உயிர். நீரின் மேற்பரப்பு அது. அதன் இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவள். மாமிசி எனப்படும் அவளுடைய அடியார்கள் வெள்ளை உடுத்தி, பவுடர் பூசி அந்தக் கண்ணாடியின் முன் உட்காருகிறார்கள். இன்று பெந்தகோஸ்தே சபைகளின் மேடைகளில் இவளைப் பேயாக்கி விரட்டுகிறார்கள். ஒரு தெய்வத்தை அவ்வளவு மும்முரமாக விரட்ட வேண்டியிருக்கிறது என்றால் அவள் இன்னும் அங்கே இருக்கிறாள் என்றுதான் பொருள்.

எனக்கு மிக நெருக்கமாகப் படும் வழிபாடு இந்தக் கரையிலேயே வேறொன்று இருக்கிறது: மாமா சாம்பா. டோகோவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் எவே, மினா குடும்பங்கள் சில ஒருகாலத்தில் வடக்கிலிருந்து அடிமைகளை வாங்கி வீட்டில் வைத்திருந்தன. அந்த அடிமைகள் ஊர் திரும்பாமல், உரிய சாவுச்சடங்கு இல்லாமல் இறந்துபோனார்கள். அவர்களுடைய ஆவிகள் இப்போது தெய்வங்கள். கும்பிடுகிறவர்களில் அடிமை வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பல வீடுகளில் இரண்டு ரத்தமும் கலந்துதான் ஓடுகிறது. கோயில் சுவரில் தலைச்சுமையோடு நடக்கும் அடிமைகளின் ஓவியம். கையில் மூன்று உலோகங்களை முறுக்கிச் செய்த காப்பு. அருள் வந்தவர் வடக்கத்தி ஆளாகிவிடுவார், வடக்கத்தி மொழி பேசுவார், வடக்கத்திச் சாப்பாடு கேட்பார். எசமானின் வாரிசு அடிமைக்குப் பரிமாறுகிறார். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் அடிமை வணிகத்தில் பணம் பார்த்த குடும்பங்கள் ஏராளம். அவற்றில் இப்படித் தவறாமல் கடனை நினைத்துச் செலுத்துகிறவை எத்தனை?

வள்ளம் ஏற்றப்பட்டவர்களும் தெய்வங்களைக் கையோடு கொண்டுபோனார்கள். ஹைட்டியில் கடலுக்கு அதிபதி அக்வே. அவருக்குச் சிறிய படகு செய்து உணவும் மதுவும் நிரப்பிக் கடலில் விடுகிறார்கள். அங்கே டம்பாலா என்ற பாம்பும் இருக்கிறது.

பெனினிலேயே வோடுன் நெருக்கடியைச் சந்தித்திருக்கிறது. 1972இல் ஆட்சியைப் பிடித்த மத்தியூ கெரெக்கூ மார்க்சிய-லெனினியத்தை அரசுக் கொள்கையாக அறிவித்த பிறகு, பூசாரிகள் பிற்போக்குவாதிகள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள், புனித மரங்கள் வெட்டப்பட்டன. ஜனநாயகம் திரும்பியதும் காற்று மாறியது. 1993 பிப்ரவரியில் ஊய்டாவில் உலக வோடுன் கலை விழா நடந்தது. அதே மாதம் போப் இரண்டாம் ஜான் பால் கோட்டொனுவில் வோடுன் பூசாரிகளைச் சந்தித்தார். பிறகு ஜனவரி 10 தேசிய விடுமுறை ஆனது. 2013 கணக்கெடுப்பில் தங்கள் மதம் வோடுன் என்று சொன்னவர்கள் 11.6 விழுக்காடு. ஞாயிறு தேவாலயத்துக்கும் மற்ற நாளில் குறிகேட்கவும் போகிறவர்கள் அந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள்.

கடலோடு இருக்கும் கணக்கு இன்றைக்கு வேறு வடிவம் எடுத்திருக்கிறது. கானாவின் அக்ரா பக்கத்துக் கா மக்கள் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போவதில்லை. அது கடல்தெய்வம் நாயின் நாள். வாரத்தில் ஒருநாள் மீனுக்கு ஓய்வு, வலைக்கும் ஓய்வு. மீன்வளம் சரிந்ததும் 2019இல் கானா அரசு வள்ளக்காரர்களுக்கும் மீன்பிடித் தடைக்காலம் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம் கடலே ஏறி வருகிறது. 1965இல் வோல்டா ஆற்றில் அக்கோசொம்போ அணை எழுந்தது. கரைக்கு மணல் சேர்த்துவந்த ஆறு அதோடு கைவிட்டது. கோட்டொனு, லோமே துறைமுகங்களின் கல்தடுப்புகள் கிழக்கே நகரும் மணலைப் பிடித்துவைத்துக்கொண்டன. அவற்றுக்குக் கிழக்கே இருக்கும் கரையில் வீடும் தென்னந்தோப்பும் கல்லறையும் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

காயல்களில் அலையாத்திக் காடுகள் குறைந்துவருகின்றன. உப்புநீர் காய்ச்சவும் மீனுக்குப் புகைபோடவும் பெண்களுக்கு விறகு வேண்டும், கைக்கெட்டும் விறகு அலையாத்திதான். மரம் போனால் அதன் வேர்ச்சந்துகளில் வளரும் மீன்குஞ்சும் இறாலும் சிப்பியும் போகும். தடை போட்டால் யார் கேட்பது? ஆகவே ஊய்டாவுக்கும் கிராண்ட் போப்போவுக்கும் அருகே சில ஊர்களில், சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து ஸாங்பேட்டோவை அழைத்தார்கள்.

ஸாங்பேட்டோ என்றால் இரவின் ஆள். வைக்கோற்போர் நடந்துவருவதுபோல இருக்கும் நார் முகமூடி, ஆளுயரத்துக்கும் மேலே. காலங்காலமாக ராத்திரியில் ஊர்க்காவல் அதன் வேலை. பறை அடிக்க அடிக்கச் சுழன்று ஆடும், புழுதி கிளப்பும். ஆட்டத்தின் நடுவில் உடன்வருகிறவர்கள் அதைச் சட்டென்று கவிழ்த்துக் காட்டுவார்கள். உள்ளே ஆள் இருக்கமாட்டார். வெறும் தரை.

அந்த ஸாங்பேட்டோ இப்போது காயலுக்கு வருகிறது. சடங்கு நடக்கிறது, எந்த இடத்துக்குள் வெட்டக்கூடாது என்று குறித்து அடையாளம் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் காட்டுக்குக் காவலர் தனியாக வேண்டியதில்லை. அடையாளம் கட்டிய மரத்தில் அரிவாள் வைக்கிறவர், ராத்திரி வாசலில் வந்து நிற்கப்போகும் நார்க்குவியலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.